விறகில் படுத்தவர் யார், பித்தைச் சுவைத்தவர் யார்? ஒரு சீனத் தொடரின் கதை

ஈரக்காற்று எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். போன வாரம் எங்கள் துறை உரிமத் தேர்வில் மூன்றாவது முறையாகத் தோற்றேன். பக்கத்து மேசையில் இருக்கும் சீன அக்கா நான் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் நாலு எழுத்தை எழுதி என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். "வோ ஷின் சாங் தான்" என்று வாசிக்க வேண்டுமாம். வோ என்றால் படுப்பது, ஷின் விறகு, சாங் சுவைப்பது, தான் பித்தப்பை. விறகில் படுத்துப் பித்தைச் சுவை! அவருக்கு ஆங்கிலத்தில் அதற்கு மேல் விளக்க வரவில்லை, எனக்குச் சீனம் வராது. "ஒரு ராஜா" என்று மட்டும் சொன்னார். யார் அந்த ராஜா, எதற்காகப் பித்தைச் சுவைத்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

தம்பி, அது செங்யூ. பழைய நூல்களிலிருந்து வரும் நாலெழுத்துத் தொடர்களுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர். பெரும்பாலான செங்யூவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, கதை தெரியாவிட்டால் வெறும் சொற்களை வைத்து ஒன்றும் பிடிபடாது. இதை நம் ஆட்கள் பலர் "கஷ்டப்பட்டு உழை" என்று மொழிபெயர்த்து முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். பட்ட அவமானம் மறந்துபோகாமல் இருப்பதற்காகத் தன்னைத் தானே சுகப்பட விடாமல் வைத்துக்கொள்வது, அதுதான் இதன் உயிர். வெறும் உழைப்பைச் சொல்ல அவர்களிடம் வேறு தொடர்கள் நிறைய இருக்கின்றன.

ராஜா பெயர் கோவ்ஜியென். யுவே நாட்டு அரசர். கதையை நதிமுகம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

---

நதிமுகம் எழுதியது:

கூப்பிட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இன்றைய சூஜோ நகரத்தை மையமாக வைத்து வூ என்று ஒரு நாடு. அதற்குத் தெற்கே, இன்றைய ஷாவ்ஷிங் பக்கம், யுவே. இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டும் தண்ணீர்க் காடு, படகு, வாள். கி.மு. 496-இல் யுவேயின் பழைய அரசர் இறந்து மகன் கோவ்ஜியென் பட்டத்துக்கு வந்ததும், இதுதான் சமயம் என்று வூ அரசர் ஹெலூ படையெடுத்தார். அந்தப் போரில் கோவ்ஜியென் செய்ததைப் படித்தால் இன்றும் உடம்பு சில்லிடும். குற்றவாளிகளை வரிசை வரிசையாக எதிரிப் படைக்கு முன்னால் அனுப்பித் தங்கள் கழுத்தைத் தாங்களே அறுத்துக்கொள்ள வைத்தார். வூ வீரர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யுவே படை பாய்ந்தது. ஹெலூவுக்குக் கால் பெருவிரலில் வெட்டு, அதிலேயே செத்துப்போனார்.

அவருடைய மகன் ஃபூச்சாய் அரசரானார். அரண்மனை முற்றத்தில் ஓர் ஆளை நிறுத்தி, தான் போகும்போதும் வரும்போதும் "ஃபூச்சாய், யுவே அரசன் உன் அப்பனைக் கொன்றதை மறந்துவிட்டாயா?" என்று கேட்கச் சொன்னார். "இல்லை, மறக்கத் துணியமாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கி.மு. 494-இல் ஃபூச்சாய் பழிதீர்த்தார். கோவ்ஜியெனிடம் மிஞ்சியது ஐயாயிரம் வீரர்கள். குவைஜி மலையில் ஏறி ஒளிந்தார், சுற்றி வளைத்துவிட்டார்கள். அமைச்சர் வென் ஜோங் முழங்காலில் நகர்ந்து போய்ச் சமாதானம் கேட்டார், போ பி என்ற வூ அமைச்சருக்கு லஞ்சமும் போனது. வூ ஸிஷூ என்ற மூத்த மந்திரி மட்டும் விடாதீர்கள் என்று கத்தினார். யுவே பத்து வருடம் ஆளும் பொருளும் சேர்க்கும், பத்து வருடம் பயிற்சி கொடுக்கும், இருபது வருடம் கழித்து நம் வூ சதுப்பு நிலமாகிவிடும் என்றார். ஃபூச்சாய் கேட்கவில்லை.

அப்புறம் கோவ்ஜியென் மூன்று வருடம் வூ நாட்டில் ஊழியம் செய்ததாகப் பழைய நூல் ஒன்று சொல்கிறது. ஃபூச்சாயின் குதிரைக்கு முன்னால் நடந்து போகிற வேலை. ஓர் அரசர்! ஊர் திரும்பியதும் உட்காருமிடத்தில் பித்தப்பையை வைத்தார், உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதைப் பார்ப்பார், சாப்பிடும்போது அதை நக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார், "குவைஜி அவமானத்தை மறந்துவிட்டாயா?" என்று தன்னையே கேட்பார். தானே ஏர் பிடித்தார், மனைவி துணி நெய்தார், தட்டில் இறைச்சி சேர்ப்பதை விட்டார்.

நாட்டில் ஆளே இல்லை, அதனால் பிள்ளை பெறுவதே அரசாங்க வேலையாகிவிட்டது. பெண்ணுக்கு 17, ஆணுக்கு 20 வயதாகியும் கல்யாணம் செய்து வைக்காத பெற்றோருக்குத் தண்டனை. ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு ஜாடி மதுவும் ஒரு நாயும், பெண் குழந்தை என்றால் இரண்டு ஜாடி மதுவும் ஒரு பன்றியும் அரசர் கொடுப்பார். ஒரே பிரசவத்தில் மூன்று பிறந்தால் பால் கொடுக்க ஒரு செவிலியையும் அனுப்புவார்.

கி.மு. 482-இல் ஃபூச்சாய் தன் நல்ல படையோடு வடக்கே பெரிய மாநாட்டுக்குப் போன நேரம் பார்த்து யுவே உள்ளே புகுந்தது. கி.மு. 473-இல் வூ என்ற நாடே இல்லை. ஸிஷூ சொன்ன இருபது வருடக் கணக்கு அப்படியே பலித்தது. ஆனால் அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, ஃபூச்சாயே வாளை அனுப்பித் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். கடைசியில் ஃபூச்சாயும் தன்னை மாய்த்துக்கொண்டார், சாகும்போது ஸிஷூவை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று முகத்தை மூடிக்கொண்டாராம்.

---

கரிசல்மண் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் அண்ணே, முழுக் கதையிலும் விறகே வரவில்லையே? பித்து இருக்கிறது, ஏர் இருக்கிறது, நாய் பன்றிகூட இருக்கிறது. தொடரின் முதல் பாதி எங்கே போனது?

---

ஓலைச்சுவடி எழுதியது:

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். வேண்டுமென்றே விறகை விட்டுச் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் பழைய நூல்களில் விறகு கிடையாது.

கோவ்ஜியெனுக்குச் சுமார் நானூறு வருடத்துக்குப் பிறகு வந்தவர் சிமா சியென், ஹான் காலத்து வரலாற்றாசிரியர். அவர் எழுதியதில் பித்து மட்டும்தான். அதற்கும் பிறகு, கி.பி. முதல் நூற்றாண்டில், ஜாவ் யே என்பவர் வூ, யுவே இரண்டு நாட்டுக் கதையையும் விரித்து எழுதினார். அவர் பித்தை வாசலில் கட்டித் தொங்கவிட்டார், போகும்போதும் வரும்போதும் சுவைக்கிறார் கோவ்ஜியென். தூக்கம் வந்தால் கண்ணில் லியாவ் என்ற காரமான செடியை வைத்துத் தூக்கத்தை விரட்டுகிறார், குளிர்காலத்தில் பனிக்கட்டியை அணைத்துக்கொள்கிறார், கோடையில் நெருப்பைப் பிடித்துக்கொள்கிறார். இவ்வளவு சித்திரவதையை எழுதியவர் விறகுப் படுக்கை இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

"வோ ஷின் சாங் தான்" என்று நாலு எழுத்தும் சேர்ந்து முதலில் தலைகாட்டுவது சோங் காலத்துக் கவிஞர் சூ ஷியிடம். 1037 முதல் 1101 வரை வாழ்ந்தவர். அதாவது வூ அழிந்து ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து. அதிலும் அவர் சொன்னது கோவ்ஜியெனைப் பற்றியே இல்லை! மூன்று நாடுகள் காலத்து அரசர் சுன் சுவான், தன் எதிரி ட்ஸாவ் ட்ஸாவுக்குப் பதில் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனைக் கடிதம் எழுதினார், அதில் சுன் சுவான் தன்னைப் பற்றி "பொறுப்பேற்ற நாள் முதல் விறகில் படுத்துப் பித்தைச் சுவைத்து வருகிறேன்" என்கிறார். பிற்பாடு, மிங் காலத்துக் கதைகளிலும் நாடகங்களிலும் விறகும் பித்தும் இரண்டுமே கோவ்ஜியென் தலையில் ஏறிவிட்டன. இன்று சீனப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது அந்தக் கோவ்ஜியென்தான்.

---

சகுரா_மரம் எழுதியது:

நான் ஒசாகாவில் இருக்கிறேன், இதைப் படித்ததும் குழம்பிப்போனேன். ஜப்பானியத்தில் இதே நாலு எழுத்து உண்டு, "காஷின் ஷோதான்" என்பார்கள். ஆனால் இங்கே அகராதியிலேயே வேறு கதை. விறகில் படுத்தது ஃபூச்சாய், பித்தைச் சுவைத்தது கோவ்ஜியென். ஆளுக்குப் பாதி!

---

ஓலைச்சுவடி எழுதியது:

ரொம்ப நல்ல தகவல். அதற்குக் காரணம் ஒரு பாடப்புத்தகம். யுவான் காலத் தொடக்கத்தில் ட்ஸெங் ஷியென்ஜி என்பவர் பதினெட்டு வரலாற்று நூல்களைச் சுருக்கிப் பிள்ளைகள் படிக்கும்படி எழுதினார். சீனாவில் அது பிற்பாடு பெரிதாக நிற்கவில்லை. ஜப்பானில் ஊன்றிவிட்டது, சீன வரலாறு என்றாலே தலைமுறை தலைமுறையாக அதைத்தான் படித்தார்கள். அதில் ஃபூச்சாய் காலையும் மாலையும் விறகில் படுக்கிறார், நதிமுகம் சொன்ன அந்த முற்றத்துக் கேள்வியும் கூடவே வருகிறது.

---

சகுரா_மரம் எழுதியது:

ஓ, இப்போது புரிகிறது. இங்கே இந்தத் தொடர் வெறும் இலக்கியமாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1895 ஏப்ரலில் சீனாவைத் தோற்கடித்து ஜப்பான் லியாவ்தோங் தீபகற்பத்தை ஒப்பந்தத்தில் வாங்கியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து திருப்பிக் கொடு என்று மிரட்டின, கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நாடு முழுக்கப் பத்திரிகைகளில் எழுந்த முழக்கம் இதே காஷின் ஷோதான். வரியை ஏற்றுகிறோம், கப்பல் வாங்குகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்ல இந்த நாலு எழுத்து போதுமாக இருந்தது. 1904-இல் ரஷ்யாவோடு போர். சீனாவைத் தோற்கடித்துக் கிடைத்த நிலம் கைநழுவிப் போனதற்கு அழச் சீனத் தொடரையே எடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

---

கரிசல்மண் எழுதியது:

சரி, அப்படியானால் எது சரி? சீனக் கதையா, ஜப்பான் கதையா?

---

நதிமுகம் எழுதியது:

நடந்ததா என்று கேட்டால் விறகு இரண்டு பேருக்கும் ஆதாரம் இல்லாதது. பொருந்துகிறதா என்று கேட்டால் ஃபூச்சாய்க்குத்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

காரணம் சொல்கிறேன். கன்ஃபூசியஸ் மரபில் சடங்குகளைத் தொகுத்த நூல் ஒன்றில், அப்பா அம்மாவைக் கொன்றவனை மகன் என்ன செய்ய வேண்டும் என்று ஸிஷியா என்ற மாணவர் கேட்கிறார். வைக்கோல் பாயில் படு, கேடயத்தைத் தலைக்கு வை, பதவி ஏற்காதே, அவனோடு ஒரே வானத்தின் கீழே வாழாதே என்று பதில் வருகிறது. துக்கம் காக்கிற மகன் மெத்தையில் படுக்கக் கூடாது. அப்பனை இழந்த மகன் ஃபூச்சாய். அவர் முரட்டுப் படுக்கையில் கிடந்தார் என்று பிற்காலத்து ஆள் ஒருவர் எழுதினால், படிக்கிற சீன மனதுக்கு அது உடனே பொருந்திவிடும். கோவ்ஜியெனுக்குப் போனது மானம், அதற்குப் பித்து.

ஆனால் சீனாவில் ஃபூச்சாய் கடைசியில் தோற்றவர் ஆயிற்றே. ஒருமுறை ஜெயித்துவிட்டு முற்றத்துக் கேள்வியை மறந்துவிட்டார். தொடரில் அவருக்குப் பாதியைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போல.

---

அம்மிக்கல் எழுதியது:

நான் வரலாறு படித்தவள் இல்லை, சமையல்காரி. பித்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மீன் ஆயும்போது அந்தப் பச்சைப் பை உடைந்துவிட்டால் எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அந்தத் துண்டு கசக்கும், குழம்பில் போட்டால் குழம்பே போச்சு. நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்தெல்லாம் சர்க்கரை. அதைத் தினமும் சோற்றுக்கு முன்னால் ஒருவர் நக்கினார் என்றால், அதற்குப் பிறகு எந்தச் சாப்பாடு ருசித்திருக்கும்? அவர் தினமும் சாப்பாட்டின் ருசியையே கொன்றிருக்கிறார். விறகில் படுத்தால் முதுகு ஒரு வாரத்தில் பழகிவிடும். பித்து பழகாது. எந்த மிருகத்தின் பித்து என்று சொல்லியிருக்கிறார்களா?

---

ஓலைச்சுவடி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதை இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. சிமா சியென் மிருகத்தின் பெயரைச் சொல்லவில்லை, வெறும் "தான்" என்று நிறுத்திவிட்டார்.

அந்தச் சொல்லில் இன்னொன்றும் இருக்கிறது. சீனத்தில் தான் என்றால் பித்தப்பை, அதுவே தைரியமும். "பெரிய பித்தப்பை" என்றால் துணிச்சல்காரன், "சின்னப் பித்தப்பை" என்றால் பயந்தாங்கொள்ளி. நாம் பயத்தை ஈரக்குலையில் வைத்து "ஈரக்குலை நடுங்கிப்போச்சு" என்கிறோம், அவர்கள் பக்கத்து உறுப்பில் வைத்திருக்கிறார்கள். கோவ்ஜியென் சுவைத்தது கசப்பு மட்டும்தானா, கூடவே துணிச்சலுமா என்பது சீனம் தெரிந்தவர் காதில் தானாகவே ஒலிக்கும்.

---

வடவாற்றுக்காரன் எழுதியது:

இதைவிட மோசமான கதை ஒன்று உண்டே. ஃபூச்சாய் நோயில் கிடந்தபோது அவருடைய மலத்தைச் சுவைத்துப் பார்த்து, சீக்கிரம் குணமாகிவிடும் என்று கோவ்ஜியென் சொன்னாராம், அதில் மனம் இளகித்தான் ஊருக்கு அனுப்பினாராம். உண்மையா?

---

நதிமுகம் எழுதியது:

அது மேலே சொன்ன ஜாவ் யேயின் நூலில் வருவது. அதற்குப் பிறகு கோவ்ஜியெனுக்கு வாய் நாற்றம் வந்துவிட்டதென்றும், அரசர் கூச்சப்படக் கூடாது என்று ஃபான் லி என்ற அமைச்சர் கூட இருந்த எல்லோரையும் நாற்றமடிக்கும் ஒரு கீரையைத் தின்ன வைத்தாரென்றும் எழுதியிருக்கிறார். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள மாட்டேன், சிமா சியெனிடம் இது இல்லை. ஆனால் அந்தக் கீரை விஷயத்தைக் கற்பனை செய்த ஆளுக்கு அரசவை எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

---

கரிசல்மண் எழுதியது:

அந்த ஃபான் லி என்ன ஆனார்? வென் ஜோங்? ஜெயித்த பிறகு நன்றாக இருந்தார்களா?

---

நதிமுகம் எழுதியது:

இல்லை. தொடரை மட்டும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது.

வூ அழிந்ததும் ஃபான் லி யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். வென் ஜோங்குக்கு ஒரு கடிதம் எழுதினார்: பறவைகள் தீர்ந்தால் நல்ல வில்லைப் பரணில் போடுவார்கள், முயல் செத்தால் வேட்டை நாயைச் சமைப்பார்கள். அரசருக்கு நீண்ட கழுத்து, பறவை மூக்குப் போன்ற வாய், அவரோடு துன்பத்தைப் பகிரலாம், இன்பத்தைப் பகிர முடியாது, நீங்கள் ஏன் இன்னும் போகவில்லை? வென் ஜோங் உடம்பு சரியில்லை என்று அரசவைக்குப் போவதை மட்டும் நிறுத்தினார், ஊரைவிட்டுப் போகவில்லை. கோவ்ஜியென் வாளை அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "வூவை வெல்ல எனக்கு ஏழு வழி சொல்லித் தந்தாய். மூன்றை வைத்தே வென்றுவிட்டேன். மீதி நாலு உன்னிடம் இருக்கிறது. போய் என் அப்பாவிடம் சோதித்துப் பார்."

மலையில் முழங்காலில் நகர்ந்து அவர் உயிரைக் காப்பாற்றியவர் இந்த வென் ஜோங். ஃபூச்சாய் ஸிஷூவுக்கு வாள் அனுப்பினார், கோவ்ஜியென் வென் ஜோங்குக்கு வாள் அனுப்பினார். இருபது வருடம் பித்தைச் சுவைத்தவருக்குத் தான் பட்ட அவமானம் நினைவில் இருந்தது, கூட நின்றவர் நினைவில் இல்லை. அந்த முயல் நாய் வரியும் தனியாக ஒரு செங்யூவாக இன்றும் ஓடுகிறது. ஃபான் லி வேறு ஊரில் பெயரை மாற்றிக்கொண்டு வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார், கடைக்காரர்கள் இன்றும் தாவ் ஜு கோங் என்ற பெயரில் அவரை வணங்குகிறார்கள்.

---

வடவாற்றுக்காரன் எழுதியது:

சீனாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஓர் ஈரடியை எழுதி ஒட்டிக்கொள்வார்கள். அதன் இரண்டாவது அடி இந்தக் கதைதான், "மூவாயிரம் யுவே கவசங்கள் வூவை விழுங்கும்" என்று முடியும். நதிமுகம் ஐயாயிரம் என்றாரே?

---

ஓலைச்சுவடி எழுதியது:

வரலாற்று நூலில் ஐயாயிரம். ஈரடிக்கு ஓசை வேண்டும், மூவாயிரம் ஆகிவிட்டது. முதல் அடி இன்னொரு செங்யூ, சட்டியை உடைத்துப் படகை மூழ்கடித்து, திரும்பிப் போக வழியே வைத்துக்கொள்ளாமல் போரிட்ட ஷியாங் யூவின் கதை. ஒன்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பணயம் வைப்பது, இன்னொன்று இருபது வருடம் காத்திருப்பது. இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டுகிறார்கள்.

---

சாங்கி_ரயில் எழுதியது:

கோவ்ஜியெனின் வாள் கிடைத்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே! 1965-இல் ஹூபெய் மாகாணத்தில் வாய்க்கால் வேலை நடந்தபோது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. அதில் ஒன்றில் எலும்புக்கூட்டின் பக்கத்தில் உறையோடு ஒரு வெண்கல வாள், நீளம் 55 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்தும் துருவேறாமல் கூர்மையாக இருந்தது. அதில் பறவையும் புழுவும் போல வளைந்த எழுத்தில் எட்டு எழுத்து, "யுவே அரசன் கோவ்ஜியென் தன் பயனுக்குச் செய்துகொண்ட வாள்" என்று. அரசரின் பெயரைப் படிக்கத்தான் அறிஞர்கள் திண்டாடினார்கள், கடிதம் மேல் கடிதமாகப் போய்க் கடைசியில் உறுதியானது.

1994-இல் அது எங்கள் சிங்கப்பூருக்குக் கண்காட்சிக்கு வந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது இடித்து ஏழு மில்லிமீட்டர் அளவுக்குப் பழுதுபட்டுவிட்டது. 2013-இல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். இனி பார்க்க வேண்டுமென்றால் வூஹான் போக வேண்டும், ஹூபெய் மாகாண அருங்காட்சியகம். அதே அருங்காட்சியகத்தில்தான் 1983-இல் கிடைத்த ஃபூச்சாயின் வேல்முனையும் இருக்கிறது. இரண்டும் கிடைத்த மண் யுவேயும் இல்லை, வூவும் இல்லை. பழைய சூ நாடு. யுவேயைப் பிற்பாடு அடக்கிய நாடு அது.

---

ஈரக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு காகிதத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்று மதியம் அந்த அக்காவிடம் வென் ஜோங் கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார், அவருடைய அப்பா ஷாவ்ஷிங்காரராம், வென் ஜோங்கின் கல்லறை அங்கே ஒரு மலையில் இருக்கிறது, சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறார் என்று கைபேசியில் மலையின் படத்தைக் காட்டினார். தேர்வுக்கு மறுபடி பணம் கட்டிவிட்டேன். அம்மிக்கல் அம்மா, இன்று சாப்பிடும்போது நீங்கள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

---

அம்மிக்கல் எழுதியது:

நல்லா சாப்பிட்டுப் படி தம்பி. பித்தெல்லாம் வேண்டாம். தேர்வு எந்த மாதம்?